தாம்பாளத்து மணலும் பாடம்தான்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பு வேலையெல்லாம் முடித்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் யாரையும் பகைத்துக்கொள்ள எழுதவில்லை.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சிறப்புக் குழந்தைகளுக்கான மையம் ஒன்றில் ஐந்தாறு பிள்ளைகள். ஒரு பையன் தாம்பாளத்தில் பரப்பிய மணலை அளைந்துகொண்டிருக்கிறான். ஒரு பெண்பிள்ளை ஈரத்துணியைப் பிழிகிறாள். இன்னொருவன் கனமான பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடக்கிறான். படத்துக்குக் கீழே, "மண்ணள்ளி விளையாட விடுறதுக்கு ஒரு டீச்சர், அதுக்கு ஒரு சம்பளம்" என்று எழுதியிருந்தீர்கள். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். என் தம்பி மகனும் ஒன்று போட்டிருந்தான். போதாததற்கு, "எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்காம இது என்ன படிப்பு அத்தை?" என்று தனியாக வேறு கேட்டான்.

மருமகனே, உனக்குத் தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாம்பாளம்தான் அந்தப் பிள்ளையின் பாடப்புத்தகம். அதைப் பிடுங்கிவிட்டு நீங்கள் கையில் கொடுக்கும் நோட்டுப் புத்தகம் அவனுக்கு வெறும் காகிதம்.

என் படிப்பு ரெண்டு வருஷ ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். நான் டாக்டரும் இல்லை, மனநல நிபுணரும் இல்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் பாடம் நடத்தியவள். ஒரு பிள்ளைக்குள் பாடம் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது.

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்தை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விரல் விட்டு எண்ணி ஒப்பித்தீர்கள். ஆனால் அந்தப் பாடத்தில் வராத புலன்களும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடிகிறது அல்லவா? கை எங்கே இருக்கிறது, மூக்கு எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அது ஒரு புலன். படகு ஆடும்போது விழாமல் நிற்க வைப்பது உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வு. அது இன்னொன்று. பசிக்கிறது, தாகம் எடுக்கிறது, ஒன்றுக்கு வருகிறது என்று உடம்புக்குள்ளிருந்து வரும் தகவல் மற்றொன்று. ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர், இந்தப் புலன்களெல்லாம் மூளையில் ஒழுங்காகச் சேர்வதற்கும் பிள்ளை படிப்பதற்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1972-இலேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார்.

உங்களுக்கும் எனக்கும் மூளையில் ஒரு வடிகட்டி இருக்கிறது. வகுப்பில் மின்விசிறி கிறீச்சிடும், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்வார்கள், சத்துணவுக் கூடத்தில் தாளிப்பார்கள், சட்டைக் காலர் கழுத்தை அறுக்கும். அத்தனையையும் தள்ளிவிட்டு டீச்சர் குரலை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அந்த வடிகட்டி நம்முடையதைப் போல் இல்லை. சிலருக்கு எல்லாமே ஒரே நேரத்தில், ஒரே சத்தத்தில் உள்ளே கொட்டும். அவர்கள் காதைப் பொத்துவார்கள், மேசைக்கு அடியில் நுழைவார்கள், சட்டையைக் கழற்றி எறிவார்கள். சிலருக்கு எதுவுமே போதுமான அளவு உள்ளே போகாது. அவர்கள் சுற்றுவார்கள், குதிப்பார்கள், பென்சிலையும் காலரையும் மெல்லுவார்கள், சுவரில் போய் இடிப்பார்கள். ஒரே பிள்ளைக்குச் சத்தம் அதிகமாகவும் தொடுதல் குறைவாகவும் இருக்கலாம். இதைப் பார்த்துவிட்டு நாம் வைக்கும் பெயர் 'சேட்டை', 'அடங்காப்பிடாரி', 'வளர்ப்பு சரியில்லை'.

நம் அரசாங்கத் தாள்களில் ஆட்டிசத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்'. யார் இந்தப் பெயரை வைத்தார்களோ, அவர்கள் ஒரு நாள் அப்படி ஒரு பிள்ளையோடு சந்தைக்குப் போய்வந்திருக்க வேண்டும். புற உலகம் இல்லாத பிள்ளைகளா அவர்கள்? புற உலகம் அளவுக்கு மீறி மேலே வந்து விழுந்து தவிக்கிற பிள்ளைகள் அவர்கள். பெயரிலேயே தப்பு இருந்தால் வைத்தியத்திலும் பாடத்திலும் தப்புத்தான் வரும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எங்கள் பள்ளி மணி தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அடித்தால் தெருக்கோடி வரை கேட்கும். ஒவ்வொரு மணிக்கும் அவன் அலறிக்கொண்டு வெளியே ஓடுவான். மணி அடிக்கும் வேலையை அவனிடமே கொடுத்தேன். முதலில் ஒரு துணியைச் சுற்றி மெதுவாக ஒரு தட்டு. பிறகு துணி இல்லாமல் ஒரு தட்டு. திடீரென்று வந்து தாக்கிய சத்தம், தான் உண்டாக்குகிற, எப்போது வரும் என்று தெரிந்த சத்தமாக மாறியது. ஓட்டம் நின்றது. அதுமட்டுமில்லை, தன் வேலைக்கு நேரம் ஆகிவிட்டதா என்று கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த வருஷம் என் வகுப்பில் முதலில் மணி பார்க்கக் கற்றுக்கொண்டவன் அவன்தான். அவனை 'அடங்கு' என்று சொல்லி உட்கார வைத்திருந்தால் கடிகாரப் பாடம் அவனுக்குள் போயிருக்காது.

இது ஒரு பக்கம். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்து வந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கண் தெரியாது, பேச்சு வராது, தானாக உட்கார முடியாது. அந்தப் பிள்ளைக்கு அ, ஆ எங்கிருந்து தொடங்கும்? குளிப்பாட்டும் முன் ஒவ்வொரு நாளும் அதே சோப்பை மூக்கருகே காட்டி, அதே துண்டைக் கையில் தொடவைக்க வேண்டும். ஊட்டும் முன் கரண்டியைக் கையில் தொடவைக்க வேண்டும். பல மாதங்கள் கழித்து ஒரு நாள், கரண்டி பட்டதும் பிள்ளை வாயைத் திறக்கும். அடுத்து என்ன வரப்போகிறது என்று அது தெரிந்துகொண்டுவிட்டது. உங்கள் பிள்ளை 'அம்மா' என்று எழுத்துக்கூட்டி வாசித்ததற்குச் சமம் அது. ஒரு பக்கம் மல்லிகை, ஒரு பக்கம் எலுமிச்சை காட்டினால் எந்தப் பக்கம் தலை திரும்புகிறது? 'இது வேண்டும், அது வேண்டாம்' என்று அந்தப் பிள்ளை சொல்லும் முதல் வாக்கியம் அதுதான். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளையை யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பாடம் எவ்வளவு பெரியது என்று இப்போது புரிகிறதா?

படத்தில் பை தூக்கி நடந்தவனும் சும்மா நடக்கவில்லை. கனம் தூக்கும்போது தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கிடைக்கிறது. பல பிள்ளைகளுக்கு அது அலைபாய்வதைக் குறைத்து நிதானம் தரும். துணி பிழிகிறவளின் விரலுக்கு அப்புறம்தான் பென்சில் பிடிக்கும் வலு வரும். மணல் அளைகிறவன் நாளைக்கு அதே மணலில் கோடு இழுப்பான், நாளன்றைக்கு வட்டம் போடுவான்.

"இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன்" என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். உங்கள் தாத்தாவைக் கேட்டிருக்கலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எதில் எழுதியது? மணலில், விரலால். ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் முன்னால் மணல்தான். இன்றைக்கும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தட்டில் நெல்லோ அரிசியோ பரப்பி விரலைப் பிடித்து எழுதவைக்கிறோமே, அதை யாராவது படம் எடுத்துச் சிரிப்புப் பொம்மை போடுகிறீர்களா? புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல் கற்றவர்கள்தானே நீங்கள்? செயல்வழிக் கற்றல் 2007-இல் மாநிலம் முழுக்க வந்தபோதும், பாயில் உட்கார்ந்து அட்டையை வைத்துப் படிப்பதைப் பார்த்து இப்படித்தான் சிரித்தார்கள்.

வெளிநாட்டுக் கதையும் சொல்கிறேன், கேளுங்கள். பிரான்சில் காட்டில் கிடைத்த பேசாத சிறுவன் ஒருவனுக்கு, 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இட்டார் என்ற மருத்துவர் புலன்கள் வழியாகப் பாடம் சொல்லிப் பார்த்தார். அவர் வழியில் வந்த செகெய்ன், அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளுக்காக அதை ஒரு முறையாகவே வளர்த்தார். ரோம் நகரில் மனநலக் காப்பகத்தில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளைப் பார்த்த மரியா மாண்டிசோரி, அந்த ரெண்டு பேரின் எழுத்துகளைப் படித்து, அந்தப் பிள்ளைகளோடுதான் முதலில் வேலை செய்தார். அவர்கள் கற்றுக்கொண்டதைப் பார்த்த பிறகுதான், 1907-இல் சாதாரணப் பிள்ளைகளுக்காக வீடு திறந்தார். அதே மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார்.

இப்போது கணக்குப் போடுங்கள். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைத் தடவிப் படிப்பதும், உருளைகளை அடுக்குவதும் யாருக்காகப் பிறந்த வழியின் பிள்ளைகள்? பூட்டி வைக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பிறந்த வழி அது. இன்றைக்கு நகரத்தில் 'மாண்டிசோரி' என்று பலகை மாட்டி, லட்சத்தில் கட்டணம் வாங்கி, எந்தக் குறையும் இல்லாத பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் பெருமையாக ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள். யாருக்காக அது உண்டானதோ, அந்தப் பிள்ளைக்கு ஒரு தாம்பாளம் மணல் கொடுத்தால் வெட்டிச் சம்பளம் என்கிறீர்கள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மற்ற ஊர்க்காரர்கள் சிரித்தாலும் ஏர்வாடிக்காரர்கள் நாம் சிரிக்கக் கூடாது. ஏன் என்று உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். 2001 ஆகஸ்ட் 6, விடியும் முன். மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில், ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் போய்விட்டார்கள். நாடு முழுக்க நம் ஊர்ப் பெயர் அடிபட்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. பிறகு தர்காவிலேயே மருந்தும் துஆவும் சேர்ந்து கிடைக்க அரசு வழி செய்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், எந்த வடிவத்திலும் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டது.

மனநோய் வேறு, ஆட்டிசம் வேறு. ஆட்டிசம் பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம். அது பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. ஆனால் நம் ஜனங்கள் ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, ஒரே பஸ்ஸில் ஏற்றி இங்கே கொண்டுவருகிறார்கள். பாதுஷா நாயகத்தின் வாசலில் மதம் பாராமல் எல்லோருக்கும் இடம் உண்டு. அங்கே வந்து அழும் தாயை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். வேறு எல்லா வாசலும் சாத்திய பிறகுதான் அவள் இங்கே வருகிறாள்.

என் கேள்வி அந்த வேறு வாசல்களைப் பற்றியது. ஒரு பிள்ளை எப்படிக் கயிறு வரைக்கும் போகிறது? முதலில் பள்ளிக்கூடம், "இவனால மத்த பிள்ளைங்க படிப்பு கெடுது, வீட்டிலேயே வச்சுக்கங்க" என்று சொல்கிறது. வீட்டில் பகல் முழுக்கச் செய்ய ஒன்றும் இல்லை. தசை கேட்கிற வேலை கிடைக்கவில்லை, காது கேட்கிற அமைதி கிடைக்கவில்லை. பிள்ளை முட்டுகிறது, கடிக்கிறது, தெருவில் ஓடுகிறது. அப்பா கடலுக்குப் போயிருப்பார். அம்மா பாசி எடுக்கவோ கூலி வேலைக்கோ போக வேண்டும். பக்கத்து வீட்டார் புகார் சொல்கிறார்கள். ஒரு நாள் திண்ணைத் தூணில் ஒரு சேலைத் துணி. 'பிள்ளை ரோட்டுக்கு ஓடிடக் கூடாதே' என்று பாசத்தில் போடும் முடிச்சு அது. பிள்ளை பெரிதாகப் பெரிதாக, துணி கயிறாகிறது. சங்கிலியின் முதல் கண்ணி பள்ளிக்கூட வாசலில் கோக்கப்படுகிறது. தாம்பாளத்து மணலைப் பார்த்துச் சிரிக்கும்போது நீங்கள் அந்த வாசலைச் சாத்த உதவுகிறீர்கள்.

"அதுக்கெல்லாம் சட்டம் இருக்கா?" என்றால் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. ஆட்டிசமும் பல்வகைக் குறைபாடும் அதில் உண்டு. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதும் பிள்ளையின் விருப்பம். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், நடுநிலை வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று அளவு சொன்னது. நடப்பு என்ன? சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளுக்கு பஸ்ஸில் அலைகிறார்கள். நீங்கள் 'வெட்டிச் சம்பளம்' என்று எழுதினீர்களே, அந்தச் சம்பளம் எவ்வளவு என்று ஒருவரையாவது கேட்டீர்களா?

இன்னொன்று. வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் ஒரு திருத்தம் வந்தது. கடுமையான, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளை விரும்பினால் எடுத்துக்கொள்ளும் உரிமை அது. பள்ளிக்கூடம் பிள்ளையைக் கழற்றிவிடுவதற்கான வழி இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயரும், வீட்டுக்குள்ளேயே பிள்ளையும் இருந்தால், அது கல்வி இல்லை. நம் பக்கத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் கூடுதல். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 2005 முதல் மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது. சென்னையில் வித்யாசாகர் 1985 முதல் இருக்கிறது. நல்ல இடங்கள்தான். ஆனால் ஏர்வாடியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். தினமும் கடலுக்குப் போகிறவன் பிள்ளைக்கு, கூப்பிடு தூரத்தில் உள்ள பள்ளியில் கிடைத்தால்தான் கிடைத்த மாதிரி.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நான் எழுதியதைப் படித்துவிட்டு, 'சென்சரி ரூம்' என்று கலர் விளக்குப் போட்டு, 'ஆறு மாதத்தில் ஆட்டிசம் குணம்' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் நகையை அடகு வைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். ஆட்டிசத்தைக் 'குணமாக்கும்' மருந்தும் கிடையாது, விளக்கும் கிடையாது. 1970-களில் நெதர்லாந்தில் அந்த மாதிரி அறையை முதலில் அமைத்தவர்கள், கடும் குறைபாடு உள்ளவர்கள் நிம்மதியாக, மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்றுதான் அமைத்தார்கள். புலன்வழிச் சிகிச்சை எவ்வளவு பலன் தரும் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. நான் சிகிச்சையைப் பற்றிப் பேசவில்லை, பாடத்தைப் பற்றிப் பேசுகிறேன். காது வழியாகப் போகாத பாடத்தைக் கை வழியாகக் கொடு என்கிறேன்.

அதற்கு விலை உயர்ந்த சாமான் வேண்டாம். நம் கடற்கரையில் இல்லாததா? மணல், சிப்பி, தேங்காய் நார், பனையோலை, பழைய வலை, ஊஞ்சல் கட்ட ஒரு கயிறு. ஆனால் சாமான் மட்டும் போதாது, பிள்ளையைக் கவனிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எது இந்தப் பிள்ளைக்கு நிம்மதி, எது வேதனை என்று குறித்து வைக்க வேண்டும். பிள்ளை கையை இழுத்து மணலில் அழுத்தக் கூடாது. அது தானாக நீட்டும் வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்கிறோம், அதனால்தான் அது சம்பளத்துக்கு உரிய வேலை.

இனி உங்கள் பங்கு. உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களே, காதைப் பொத்தும் பிள்ளைக்கு மின்விசிறியும் ஜன்னலும் இல்லாத மூலையைக் கொடுங்கள். அடுத்து என்ன என்று படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். அலையும் பிள்ளையிடம் தண்ணீர்க் குடத்தையும் நோட்டுக் கட்டையும் தூக்கச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களே, சிறப்புப் பயிற்றுநர் மாதத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுதுங்கள். சந்தனக்கூட்டிலும் திருவிழாவிலும் பொறுப்பில் இருப்பவர்களே, வெடியும் மேளமும் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த நேரத்துக்குப் பிள்ளையை அப்புறப்படுத்திக்கொள்ள தாய்க்கு அவகாசம் கிடைக்கும். சொந்தக்காரர்களே, கல்யாண வீட்டில் அந்தப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளாதீர்கள். "இன்னும் பேசலையா?" என்று அதன் காதுபடக் கேட்காதீர்கள். பேசாத பிள்ளைக்குக் கேட்காது என்று யார் சொன்னது?

வேண்டுதல் இருந்தால் நேர்ந்துகொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. அதே பஸ்ஸில் ராமநாதபுரத்துக்கும் போய், அரசு மருத்துவமனையிலும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் பிள்ளையைக் காட்டி, அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். வட்டார வள மையத்தில் பெயரைப் பதியுங்கள். சின்ன வயதிலேயே தொடங்கினால் அவ்வளவுக்கு நல்லது.

உங்கள் தெருவை ஒரு முறை மனதில் நடந்து பாருங்கள். கதவு பாதி சாத்திய வீடு ஒன்று இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் எந்தப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது, கடைசியாக எந்த நாள் பள்ளிக்குப் போனது என்று இந்த வாரத்துக்குள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் இல்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள். பஸ் ஏற எனக்கு இன்னும் முழங்காலில் தெம்பு இருக்கிறது, சேர்ந்தே போய்க் கேட்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்